முட்டு எடுக்கும் நாள்

அத்தியாயம் பதினாறு

ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே தொழிலைப் பார்த்துக்கொண்டு, இரண்டு பேர் பதினைந்து நாள் பேசாமல் இருக்க முடியுமா என்று போன வாரம் பலர் கேட்டிருந்தீர்கள். முடியும். அண்ணனும் அண்ணியும் இருந்து காட்டிவிட்டார்கள்.

சண்டைக்குக் காரணம் ஒரு கூரை.

அண்ணன் குப்பையில் காங்கிரீட் செய்கிறவன். இடித்த வீடுகளின் கூளத்தை அரைத்து ஜல்லியாக்குவான். உடைந்த பாட்டிலைப் பொடித்து மணலோடு சேர்ப்பான். சிமெண்டில் ஒரு பங்கைக் குறைத்து உலைச் சாம்பலைக் கலப்பான். மலையை வெடித்து, ஆற்றைத் தோண்டி, இன்னும் எத்தனை காலம் வீடு கட்டுவது என்று அவன் கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது. பதில் இல்லாதவர்கள் சேர்ந்து அவனுக்குக் குப்பை இன்ஜினியர் என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

நூலகத்துக்குப் பின்னால் கட்டும் வாசிப்பு மண்டபத்தின் கூரைதான் அவனுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. காங்கிரீட் போடுவதற்கு முந்தின நாள், சிரித்தவர்கள் முன்னால் அவன் வாயைக் கொடுத்தான். "முட்டு எடுக்கிற அன்னைக்குக் கூரைக்குக் கீழ நடுவுல நான் நிப்பேன். விழுந்தா என் தலையில விழட்டும்."

ஈரக் காங்கிரீட் இறுகும் வரைக்கும் அதை அடியிலிருந்து தாங்கிக்கொண்டு நிற்கும் இரும்புக் கம்பங்கள்தான் முட்டு. அவற்றை எடுத்த பிறகு கூரை தன் பலத்தில் நிற்க வேண்டும்.

"அப்படி நின்னா இந்த ஜென்மத்துல என்கூடப் பேசாதீங்க" என்றாள் அண்ணி. நிற்பேன் என்றான். அன்றோடு பேச்சு நின்றது.

இன்றைக்கு முட்டு எடுக்கிற நாள்.

*

அண்ணனின் தங்கையை வீட்டில் எல்லோரும் சின்னவள் என்பார்கள். வயது முப்பத்து நாலு ஆனாலும் சின்னவள்தான். கட்டுமானப் பொருள்களைச் சோதிக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. காங்கிரீட் கட்டிகளை இயந்திரத்தில் வைத்து நொறுக்கி, எவ்வளவு பாரம் தாங்கின என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அங்கே அவள் பெயர் கல்லுடைக்கிறவள்.

காலையில் அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் மாடிப்படியிலிருந்து குரல் கொடுத்தார். அவள் கணவர், பஸ் ஓட்டுகிறவர். இன்று அவருக்கு ஓய்வு நாள்.

"இன்னைக்குப் புதுத் தொட்டியில தண்ணி ஏத்திடறேன். ரெண்டாயிரம் லிட்டர். இனிமே காலையில குழாய்க்கு முன்னாடி நின்னு தவம் கிடக்க வேண்டாம்."

"மெதுவா ஏத்துங்க. வாண்டு தூங்கட்டும். ராத்திரி பூரா அனத்தினா."

வாண்டு அவர்களுடைய ஏழு வயது மகள். இரண்டு நாளாகக் காய்ச்சல். பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, படுக்கையறையில் அப்பாவின் போனோடு சுகமாகப் படுத்திருந்தாள். தொட்டி அந்த அறைக்கு நேர் மேலே இருந்தது. மொட்டைமாடியில் நாலு குட்டைத் தூண், அதன் மேல் ஒரு காங்கிரீட் மேடை, மேடை மேல் தொட்டி. போன மாதக் கடைசியில் சின்னவள் மூன்று நாள் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்தபோது மேடை முளைத்திருந்தது. திரும்பி வந்து பார்த்தால் மேலே ஈரச் சாக்கு போர்த்தியிருந்தார் வீட்டுக்காரர். குழந்தைக்குப் போர்த்துவது மாதிரி பார்த்துப் பார்த்துப் போர்த்தியிருந்தார்.

"அம்மா, ஒரு நிமிஷம்!" என்று வாண்டு வெறுங்காலோடு வாசலுக்கு ஓடி வந்தாள்.

"அப்படியே நில்லு. செருப்பு எங்கடி?"

வாண்டு படியிலேயே நின்றாள். போன மாதம் மாமாவின் லாரியிலிருந்து சிந்திய கண்ணாடித் துண்டு காலில் ஏறி நாலு தையல் போட்டது அவளுக்கு மறந்துவிட்டது. அம்மாவுக்கு மறக்கவில்லை.

"எத்தனை தடவை சொல்றது? இடியே விழுந்தாலும் செருப்பு போட்டுட்டுத்தான் வாசப்படி தாண்டணும். என்ன?"

"இடியே விழுந்தாலும் செருப்பு" என்று வாண்டு ஒப்பித்தாள். "வரும்போது பென்சில் சீவறது வாங்கிட்டு வா."

அவ்வளவுதான் விஷயம். சின்னவள் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு கொஞ்சம் தணிந்திருந்தது. நிம்மதியாகப் பஸ் ஏறினாள்.

*

அண்ணனின் கட்டிகளைத் தங்கை உடைக்கக் கூடாது என்பது கூடத்தின் எழுதாத சட்டம். வழக்கமாக உடைக்கிறவருக்கு இன்று பல்வலி. கூரைக் கலவையிலேயே வார்த்து, ஏழாம் நாள் உடைத்திருக்க வேண்டிய கட்டிகளோ, இயந்திரம் பழுதுபார்க்கப் போயிருந்ததால் கூடத்துத் தண்ணீர்த் தொட்டியிலேயே கிடந்தன. ஆக, அந்தக் கூரைக் காங்கிரீட்டின் யோக்கியதை இதுவரை ஒருவருக்கும் தெரியாது. பதினாலாம் நாள் சோதனைதான் முதல் சோதனை. ரிப்போர்ட்டை மதியத்துக்குள் கேட்டிருந்தார்கள்.

"நீயே உடைச்சிடும்மா" என்றார் மேலாளர். "பக்கத்துல நான் நிக்கறேன். உங்க அண்ணன் கட்டி என்னைக்குத் தோத்திருக்கு?"

அது உண்மை. மாதிரிக் கலவைகளாகப் பதினோரு முறை வந்திருக்கின்றன. பதினோரு முறையும் தேறியிருக்கின்றன. குப்பை என்று சிரித்தவர்களின் கட்டிகள் தோற்ற நாளில்கூட அண்ணனுடையது தேறியிருக்கிறது. சின்னவளுக்கு அதில் கர்வம் உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள், அவ்வளவுதான்.

தண்ணீரிலிருந்து முதல் கட்டியை எடுத்துத் துணியால் துடைத்தாள். தராசில் வைத்தாள். வழக்கத்தைவிட எடை கொஞ்சம் குறைந்திருந்தது. நிறமும் சற்று வெளுத்திருந்தது. சாம்பல் அதிகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

இயந்திரத்தில் வைத்து விசையைத் திருப்பினாள். வட்ட முகப்பில் கறுப்பு முள் ஏறத் தொடங்கியது. அது சிவப்பு முள்ளையும் தள்ளிக்கொண்டு போகும். கட்டி நொறுங்கியதும் கறுப்பு முள் விழுந்துவிடும், சிவப்பு மட்டும் எட்டிய உயரத்திலேயே நிற்கும். இந்தக் கட்டிக்கு அது ஐந்நூறைத் தொட வேண்டும். முட்டு எடுப்பதற்கு மட்டுமாவது நானூறு வேண்டும்.

நூறு. இருநூறு. இருநூற்றைம்பது.

பொத்தென்று ஒரு சத்தம். கறுப்பு முள் விழுந்தது. சிவப்பு முள் இருநூற்று எண்பத்தொன்றில் நின்றது.

சின்னவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். முள் நகரவில்லை.

"சரியா உக்காரலையோ என்னவோ. அடுத்ததை வை."

அடுத்தது இருநூற்று எழுபத்து நாலு. மூன்றாவதை வைக்கும்போதே அவளுக்குக் கை வழுக்கியது. இருநூற்று எண்பத்தெட்டு.

நொறுங்கிய துண்டு ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினாள். பழைய ஜல்லி தெரிந்தது, பச்சைக் கண்ணாடித் துணுக்கு மினுங்கியது. அவற்றைச் சேர்த்துப் பிடிக்க வேண்டிய சிமெண்ட் மட்டும் ஈர மண் மாதிரி விரலோடு உதிர்ந்து வந்தது.

"ரிப்போர்ட் டைப் பண்ணு. கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பிடலாம்" என்றார் மேலாளர்.

"சார், அவங்க காலையிலேயே முட்டு எடுக்கப் போறாங்க."

"ரிப்போர்ட் வராமலா?"

"பதினோரு தடவை தேறிச்சே சார். அந்தத் தைரியம். பதினோரு மணிக்கு ஊரைக் கூப்பிட்டு வச்சிருக்கான். கீழ நிக்கப் போறேன்னு சொல்லியிருக்கான்."

மேலாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஐந்து.

"டைப் நான் பண்றேன். நீ ஓடு."

*

அண்ணனின் போன் மணியடித்து மணியடித்து ஓய்ந்தது. வேலை நேரத்தில் அதை லாரிக்குள் வைத்துவிடுவது அவன் பழக்கம். முட்டு வேலை பார்க்கும் மேஸ்திரியின் எண்ணோ வேறொரு அழைப்பில் இருந்தது. மூன்றாவதாக அண்ணிக்கு அடித்தாள்.

"அண்ணி, எங்க இருக்கீங்க?"

"ஜல்லி அரைக்கிற களத்துலதான். எங்க போவேன்? அங்க போய் அந்தக் கண்றாவியை என்னால பார்க்க முடியாது."

"கட்டி தோத்துடுச்சு அண்ணி. மூணும். பாதிதான் தாங்கிச்சு."

அந்தப் பக்கம் சாவிக்கொத்து கிலுங்கியது. பிறகு அண்ணி, "வாசல்ல நில்லு, வரேன்" என்றாள். எட்டு நிமிஷத்தில் ஸ்கூட்டர் வந்தது. ஹெல்மெட்டை முன்பின்னாக மாட்டியிருந்தாள் அண்ணி. சின்னவள் அதைச் சொல்லவில்லை. ஏறி உட்கார்ந்தாள்.

தெருவெல்லாம் பின்னால் ஓடியது. அண்ணி சிக்னலில் நிற்கவில்லை.

"அன்னைக்கு என்ன அண்ணி நடந்தது? ஏதாவது மாறிச்சா? சாம்பல் வேற இடத்துலேர்ந்து வந்ததா?"

"ஒண்ணும் மாறலை. எல்லாம் அதே சாம்பல், அதே கண்ணாடி."

"குவியலுக்குத் தண்ணி காட்டினீங்களா?"

"காட்டாம இருப்பேனா? பேச்சுதான் இல்லை. வேலையில நான் என்னைக்குக் குறை வச்சேன்?"

குவியல் என்றால் அரைத்த பழைய காங்கிரீட் குவியல். புது ஜல்லி மாதிரி இல்லை அது. உள்ளெல்லாம் துளை. தாகத்தோடு இருக்கும். முதலிலேயே நன்றாகக் குடிக்க விட வேண்டும். இல்லாவிட்டால் கலவையில் ஊற்றும் தண்ணீரை அது குடித்துவிடும், சிமெண்டுக்குப் போதாது. அதே சமயம், குடித்தது போக மேலே ஒட்டியிருக்கும் ஈரத்தையும் கணக்கில் கொண்டு, கலவைத் தண்ணீரைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் மிஞ்சிச் சிமெண்ட் நீர்த்துப் போகும்.

இந்த இரண்டு வேலையும் அண்ணியுடையது. விடிந்ததும் குவியலுக்குக் குழாய் பிடிப்பாள். ஒரு மணி நேரம் கழித்து ஒரு சட்டி ஜல்லியை எடுத்து நிறுத்து, அடுப்பில் வறுத்து, மறுபடி நிறுப்பாள். எவ்வளவு குறைந்ததோ அவ்வளவு ஈரம். அந்த எண்ணைக் கலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பலகையில் எழுதுவாள். அண்ணன் அதைப் பார்த்துத் தண்ணீரைக் குறைப்பான்.

"ஆறு மணிக்குத் தண்ணி. ஏழு மணிக்கு வறுத்தேன். பலகையில எழுதினேன். நேரா வீட்டுக்குள்ள போயிட்டேன்" என்றாள் அண்ணி. "அவர் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கலை."

"அப்போ எங்கதான் தப்பு?"

"தெரியலையே சின்னவளே!" அண்ணி ஸ்கூட்டரை இன்னும் முறுக்கினாள். "நான் பேசாதீங்கன்னு சொன்னது பேசாம இருக்கறதுக்கா? நிக்காம இருக்கட்டும்னுதானே!"

சின்னவள் அண்ணியின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கே ஆறுதல் தேவையாக இருந்தது. தப்பு எங்கே என்று தெரிந்தால் பயத்துக்கு ஒரு எல்லை இருக்கும். தெரியாததால் பயம் எந்தப் பக்கத்திலிருந்தும் வந்தது.

பையில் போன் ஒரு முறை அடித்தது. எடுத்துப் பார்த்தாள். வீட்டுக்காரர். அண்ணனில்லை. வைத்துவிட்டாள்.

*

வாசிப்பு மண்டபத்துக்கு வெளியே முப்பது பேர் இருந்தார்கள். நூலகர், பக்கத்துக் கடைக்காரர்கள், சிரித்தவர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். பதினோரு மணிக்கு என்று சொன்னவன் பத்தேகாலுக்கே ஆரம்பித்துவிட்டிருந்தான். பொறுமைக்கும் அவனுக்கும் என்றைக்கும் ஆகாது.

உள்ளே, நடுவில், கையைக் கட்டிக்கொண்டு அண்ணன் நின்றான். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். அவனைச் சுற்றி முட்டுகள் காடு மாதிரி நின்றன. நடுவில் மட்டும் காடு கொஞ்சம் அழிந்திருந்தது. ஒன்பது முட்டு எடுத்தாகிவிட்டது. ஆட்கள் இரண்டு பேர் அடுத்ததன் திருகைத் தளர்த்தி, சுத்தியால் தட்டிவிட்டு, கம்பத்தை இழுத்துக்கொண்டு வெளியே ஓடி வந்தார்கள். பத்து.

"நிறுத்துங்க! மேஸ்திரி, நிறுத்துங்க!"

சின்னவள் கத்திய கத்தலில் கூட்டம் வழிவிட்டது. மேஸ்திரி காதிலிருந்து போனை எடுத்தார்.

"அண்ணா, வெளிய வா. கட்டி தோத்துடுச்சு."

அண்ணனின் முகம் ஒரு விநாடி ஆடிப்போய் மறுபடி நிலைக்கு வந்தது. முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எவ்வளவு?"

"இருநூற்று எண்பது."

"சாம்பல் கலவை. மெதுவாத்தான் ஏறும். இருபத்தெட்டாம் நாள் பாரு, ஐந்நூறைத் தாண்டும்."

"பழைய கலவையும் சாம்பல் கலவைதானே? அதெல்லாம் பதினாலாம் நாளே தாண்டலையா? அண்ணா, உன் கால்ல விழறேன், வெளிய வந்து பேசு."

"சின்னவளே, நீ கூடத்துல கட்டி உடைக்கிறவ. நான் இதையே பத்து வருஷமா செய்யறவன்." குரலை உயர்த்தினான். அது தங்கைக்காக இல்லை, கூட்டத்துக்காக. "மேஸ்திரி, அடுத்ததை எடுங்க."

மேஸ்திரி அசையவில்லை. ஆட்களும் அசையவில்லை. கூரையிலிருந்து டிக் என்று ஒரு சின்ன சத்தம் வந்தது. பல்லி என்று சொல்லிக்கொள்ளலாம். யாரும் சொல்லிக்கொள்ளவில்லை.

அப்போதுதான் அண்ணி உள்ளே நடந்தாள். சின்னவள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். உதறிவிட்டுப் போனாள். முட்டுகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து போய், அண்ணனுக்கு எதிரில் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. முன்பின்னாக மாட்டிய ஹெல்மெட்டோடு நின்றாள்.

"இவளைக் கூட்டிட்டுப் போ" என்றான் அண்ணன், தங்கையைப் பார்த்து.

"நீ வந்தாத்தான் அவங்களும் வருவாங்க" என்று வெளியிலிருந்து அழுதாள் சின்னவள். கால் உள்ளே போக மறுத்தது. கட்டி உடைவதைத் தினமும் பார்க்கிறவள் அவள். உடைவதற்கு முன்னால் அது எந்த அறிகுறியும் காட்டாது என்பது அவளுக்குத் தெரியும். "மேஸ்திரி, நீங்களாவது சொல்லுங்க. அன்னைக்குக் கலவை எப்படி இருந்தது?"

"நல்லாத்தாம்மா இருந்தது. கைபடாம தானா ஓடிச்சு. இவ்வளவு சுகமா நான் காங்கிரீட் போட்டதே இல்லை."

இந்தக் கலவை தானாக ஓடக் கூடாது. தள்ளித்தான் பரப்ப வேண்டும்.

"அண்ணா, தண்ணி ஜாஸ்தியாயிருக்கு."

"ஆகாது. பலகையில என்ன எழுதியிருந்ததோ அதைத்தான் குறைச்சேன். குவியலும் நல்லா நனைஞ்சிருந்தது. நானே ஒரு மணி நேரம் நின்னு குழாய் பிடிச்சேன்."

அண்ணி நிமிர்ந்தாள்.

"நீங்க பிடிச்சீங்களா?"

பதினைந்து நாளில் அதுதான் முதல் பேச்சு. அண்ணன் அவளைப் பார்த்தான்.

"பின்ன? கோவத்துல இருக்கே, நீ குவியலை நனைக்காம விட்டிருப்பேன்னு…"

"எப்போ பிடிச்சீங்க?"

"ஏழரைக்கு."

"நான் ஆறு மணிக்கே காட்டிட்டேன்." அண்ணி அவனை இன்னும் நெருங்கினாள். "ஏழு மணிக்கு வறுத்துப் பலகையில எழுதிட்டேன். அதுக்கப்புறமா நீங்க…"

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. குவியல் இரண்டு முறை குடித்திருக்கிறது. பலகையில் ஒரு முறைதான் ஏறியிருக்கிறது. தான் நனைத்த பிறகு எழுதிய எண் அது என்று அண்ணன் நம்பியிருக்கிறான். "தண்ணி காட்டியாச்சா?" என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். ஒரே ஒரு கேள்வி.

அண்ணன் மெல்லத் தலையை நிமிர்த்திக் கூரையைப் பார்த்தான். இந்தத் தடவை அவன் முகம் நிலைக்கு வரவே இல்லை. கட்டியிருந்த கையை அவிழ்த்து மனைவியின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"நடக்கலாம். ஓடாதே. எதிலும் இடிச்சிடாதே" என்றான் கிசுகிசுப்பாக.

பன்னிரண்டு அடி தூரம். சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தப் பன்னிரண்டு அடியையும் எண்ணினாள். வெளிச்சத்துக்கு வந்ததும் அண்ணனின் வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது தெரிந்தது.

"மேஸ்திரி, எடுத்த இடத்துலேயே முட்டுகளைத் திரும்ப வைங்க. ஓரத்துலேர்ந்து நடுவுக்கு வாங்க. ஆளுக்கு ஒண்ணா, நிதானமா."

மேஸ்திரி முதல் கம்பத்தைத் தானே தூக்கிக்கொண்டு போனார். அதே இடம், அதே கம்பம். உள்ளே நுழையவில்லை. திருகை இரண்டு சுற்று இறக்கிய பிறகுதான் நுழைந்தது.

"ஒரு விரல் இறங்கியிருக்கு" என்றார் அவர் வெளியே வந்து. யாரிடமும் குறிப்பாகச் சொல்லவில்லை.

கூட்டத்தில் சிரிக்க வந்தவர்கள்கூடச் சிரிக்கவில்லை.

*

பத்து முட்டும் திரும்ப நின்ற பிறகு, அண்ணன் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தான். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள். அவன் பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டான்.

"இடிச்சுடறேன்" என்றான். "மொத்தக் கூரையையும். அரைச்சா திரும்ப ஜல்லியாகும். ஒண்ணும் வீணாப் போகாது."

"அப்பவும் வீணாப் போறதைப் பத்தித்தான் கவலை!" என்றாள் அண்ணி. அழுதுகொண்டே சிரித்தாள். பதினைந்து நாளுக்குப் பிறகு அவனைத் திட்டக் கிடைத்த வாய்ப்பை அவள் விடுவாளா? "ஒரு வார்த்தை கேட்டா வாய்ல இருக்கற முத்தா கொட்டிடும்? பலகையைப் பார்த்துப் பேசினீங்களே, பொண்டாட்டியைப் பார்த்துப் பேசக் கூடாதா?"

"நீ மட்டும் பேசினியா?"

சின்னவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். எல்லோரும் உயிரோடு இருந்தார்கள், சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இதைவிட என்ன வேண்டும்? ரிப்போர்ட்டில் எழுத வேண்டியது மட்டும் பாக்கி. மேலாளர் கேட்பார், எத்தனை லாரிக் கலவை என்று. பழக்க தோஷத்தில் கேட்டாள்.

"அந்த நனைஞ்ச குவியல்லேர்ந்து மொத்தம் எத்தனை லாரி போட்டே அண்ணா?"

"நாலு."

"நாலும் இந்தக் கூரைக்கா?"

"மூணு முழுசா. நாலாவதுல பாதி. பாதி மீந்துது."

"மீந்ததைக் கொட்டிட்டியா?"

அண்ணன் கொஞ்சம் கோபமாகவே பார்த்தான். "கொட்டறதா? நான் என்னைக்கு மீந்ததைக் கொட்டியிருக்கேன்? அன்னைக்கு நீ பயிற்சிக்குப் போயிருந்தே. மாப்பிள்ளை ரொம்ப நாளா தொட்டிக்கு ஒரு மேடை வேணும்னு…"

அவனும் முடிக்கவில்லை. பாட்டில் அவன் கையிலிருந்து நழுவி உருண்டது.

சின்னவள் எழுந்தது அவளுக்கே தெரியாது. பைக்குள் கையை விட்டுத் துழாவினாள். போன் கையில் வந்தும் கை துழாவிக்கொண்டே இருந்தது. திரையில் வீட்டுக்காரரின் அழைப்பு, அவள் எடுக்காமல் விட்டது, பத்து இருபதுக்கு. அதன் கீழே அவர் அனுப்பிய ஒரு வரி: "மோட்டார் போட்டாச்சு. சாயங்காலம் குழாயைத் திறந்து பாரு, ராணி மாதிரி குளிக்கலாம்."

இப்போது பதினொன்று பத்து. ஐம்பது நிமிஷத் தண்ணீர்.

அண்ணி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அண்ணன் லாரியை நோக்கி ஓடினான். போனில் மணி போய்க்கொண்டே இருந்தது. எடுங்க, எடுங்க, எடுங்க. நின்றது. மறுபடி அடித்தாள். நாலாவது மணியில் எடுத்தார்கள்.

"என்னங்க, மோட்டாரை…"

"அம்மா, நான்தான்." வாண்டு. தூக்கக் கலக்கத்தில் குரல் கட்டியிருந்தது. "அப்பா போன் என்கிட்டதானே இருக்கு."

"அப்பா எங்கடா செல்லம்?"

"மாடியில. தொட்டி நிறையுதான்னு பார்க்கறார். அம்மா, நம்ம வீட்டுல மண்ணு கொட்டுது."

"எங்க?"

"கட்டில் மேல. மேலேர்ந்து சொய்ங்னு கொட்டுது. என் தலையெல்லாம் வெள்ளையாயிடுச்சு." சிரித்தாள். "இப்ப இன்னொரு இடத்துலேயும் கொட்டுது."

சின்னவள் குரலை அடக்கிக்கொண்டாள். கத்தினால் குழந்தை பயந்து அங்கேயே நின்றுவிடும். "கண்ணு, அம்மா சொல்றதைக் கேளு. உடனே எந்திரிச்சு வெளிய தெருவுக்கு ஓடு. இப்பவே. தெருவுல நின்னு அப்பாவை இறங்கி வரச் சொல்லிக் கத்து. ஓடு!"

"சரிம்மா."

கட்டில் கிறீச்சிட்டது. குட்டிக் காலடிகள் கேட்டன. நாலு, ஐந்து. வாசலை நோக்கித்தான். சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

காலடிகள் நின்றன. பிறகு திரும்பி வந்தன.

"ஒரு செருப்புதான்மா இருக்கு" என்றாள் வாண்டு. "இன்னொண்ணு கட்டிலுக்குக் கீழ போயிடுச்சு. இரு, குனிஞ்சு எடுத்துட்டு வரேன்."